எஸ்டோனியாவைப் பகடைக்காய் என்பவர்களுக்கு

பன்னாட்டு அரசியலைத் தமிழில் பேசியும் எழுதியும் வரும் நண்பர்களுக்கு,

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியதிலிருந்து உங்கள் விவாதங்களை விடாமல் கேட்டுவருகிறேன். தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் நீங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கிறீர்கள். நேட்டோ கிழக்கே நகர்ந்ததுதான் எல்லா வினைக்கும் காரணம், பால்டிக் நாடுகள் அமெரிக்காவின் பகடைக்காய்கள் என்பது ஓர் அணி. நேட்டோவில் சேர்ந்துவிட்டால் போதும், அதன் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு காப்பாற்றிவிடும் என்பது இன்னோர் அணி. சண்டை சூடாகத்தான் நடக்கிறது. இருந்தாலும் ஒரு விஷயத்தில் இரு அணிக்கும் கருத்து வேறுபாடே இல்லை: சின்ன நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு கணக்கு இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. ஒருவருக்கு அது நகர்த்தப்படும் காய், மற்றவருக்கு அது இடுப்பில் தூக்கிவைத்துக் காக்கப்படும் பிள்ளை.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மடல். ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன், எஸ்டோனியா. மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு. பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. சொந்தமாக ஒரு போர் விமானம் கிடையாது, ஒரு டாங்கி கிடையாது. ரஷ்யாவுடன் 300 கிலோமீட்டர் அளவுக்கு எல்லை இருக்கிறது. வடகிழக்கு முனையில் நார்வா என்ற நகரம். ஆற்றின் இந்தக் கரையில் எஸ்டோனியாவின் ஹெர்மன் கோட்டை, அந்தக் கரையில் 1492இல் ரஷ்யர்கள் எழுப்பிய இவான்கோரோத் கோட்டை. இடையில் ஓடும் ஆறு அப்படியொன்றும் அகலமானதில்லை. நார்வாவிலிருந்து தலைநகர் தாலின் சுமார் 200 கிலோமீட்டர். மறு திசையில் சென்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அதைவிடப் பக்கம். பின்வாங்கிப் போய் மறுபடி அணிவகுக்கவும் இடமில்லாத நாடு.

இந்த நாட்டின் பாதுகாப்புக் கொள்கையை அது நேட்டோவில் சேர்ந்த 2004இலிருந்து வாசிக்கத் தொடங்குகிறீர்கள். அங்கேதான் தவறு நேர்கிறது. 1939இலிருந்து வாசிக்க வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் ரகசிய இணைப்பில் எஸ்டோனியா சோவியத் பங்காக ஒதுக்கப்பட்டது. எஸ்டோனியா அப்போது எந்தக் கூட்டணியிலும் இல்லை, நடுநிலை நாடு. 'நேட்டோ விரிவாக்கம்' என்ற சொல்லே பிறக்காத காலம். செப்டம்பர் 28 அன்று மாஸ்கோ ஒரு 'பரஸ்பர உதவி ஒப்பந்தத்தை' நீட்டியது. 25,000 சோவியத் வீரர்கள் எஸ்டோனிய மண்ணில் தளம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அது எஸ்டோனியாவின் அமைதிக்கால ராணுவத்தைவிடப் பெரிய படை. அரசு கையெழுத்திட்டது. ஒன்பது மாதத்தில், 1940 ஜூன் 16 அன்று, இறுதி எச்சரிக்கை வந்தது. மறுநாள் நார்வாவில் தளபதி யோகன் லைடோனர் சோவியத் நிபந்தனைகளை ஏற்றுக் கையொப்பமிட்டார். 1918 முதல் 1920 வரை நடந்த விடுதலைப் போரில் செம்படையை எதிர்த்து வென்ற படைக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். தாலினில் ராவா தெருவில் ஒரு தகவல் தொடர்புப் படையணி மட்டும் ஆயுதத்தை ஒப்படைக்க மறுத்துச் சில மணி நேரம் சண்டையிட்டது. வேறு எதிர்ப்பு இல்லை.

அடங்கிப்போனதற்கு என்ன கிடைத்தது? குடியரசுத் தலைவர் கான்ஸ்டான்டின் பேட்ஸ் ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1956இல் அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். லைடோனர் 1953இல் விளாதிமிர் சிறையில் இறந்தார். 1941 ஜூனில் ஏறத்தாழ 10,000 பேர், 1949 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்டோர் கால்நடை ஏற்றும் ரயில் பெட்டிகளில் நாடு கடத்தப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் பெரும்பகுதி. பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட நாட்டில் இந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவரையாவது இழக்காத வீடு அரிது.

எஸ்டோனியாவுக்கு வடக்கே, வளைகுடாவுக்கு அப்பால் இருந்த பின்லாந்துக்கும் அதே காலத்தில் மாஸ்கோவிலிருந்து கோரிக்கைகள் வந்தன. பின்லாந்து மறுத்தது. 1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை தனியாகப் போரிட்டது. சுமார் 25,000 வீரர்களை இழந்தது, நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைப் பறிகொடுத்தது. ஆனால் நாடாக நீடித்தது. எஸ்டோனியா ஏறத்தாழ ஒரு குண்டும் சுடாமல் 51 ஆண்டுகளுக்கு வரைபடத்திலிருந்தே போனது. இந்த ஒப்பீடு எஸ்டோனியர்களுக்கு நியாயமானதுதானா என்று அவர்களே இன்றும் சண்டை போடுகிறார்கள். பின்லாந்து பெரிய நாடு, மக்கள்தொகை மூன்று மடங்கு, காடும் பனியும் அதன் பக்கம். 1939இல் எஸ்டோனியா துப்பாக்கி தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் 1991 ஆகஸ்டில் விடுதலையை மீட்டெடுத்தபோது இரண்டு முடிவோடு வந்தார்கள். இனி ஒருபோதும் தனியாக இருக்கக் கூடாது. இனி ஒருபோதும் சுடாமல் சரணடையக் கூடாது. முதல் முடிவை மட்டும் பார்த்துவிட்டு, பெரியவன் நிழலில் ஒதுங்கிய நாடு என்கிறீர்கள். இரண்டாவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இப்போது இரண்டாவது அணிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மந்திரம்போல உச்சரிக்கும் ஐந்தாவது பிரிவை ஒருமுறை முழுதாகப் படித்திருக்கிறீர்களா? ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதலாகக் கருதப்படும் என்று அது சொல்கிறது. உடனே அதன் அடுத்த பகுதியில், ஒவ்வொரு நாடும் 'தான் அவசியம் என்று கருதும்' நடவடிக்கையை எடுக்கும் என்றும் சொல்கிறது. அந்த நடவடிக்கை படை அனுப்புவதாகவும் இருக்கலாம், கண்டன அறிக்கையோடும் போர்வை மூட்டையோடும் முடிந்தும் போகலாம். 1949இல் அமெரிக்க செனட் ஏற்கும்படியாக வேண்டுமென்றே தளர்வாக எழுதப்பட்ட வாசகம் அது. இதுவரை அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது ஒரே ஒருமுறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு. அப்போது உதவி தேவைப்பட்டது கூட்டணியிலேயே பெரிய நாட்டுக்கு. சின்ன நாட்டுக்காக அது இன்னும் சோதிக்கப்படவில்லை.

தாலினில் இருப்பவர்களுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். 2016இல் அமெரிக்க அரசியல்வாதி நியூட் கிங்ரிச், எஸ்டோனியா செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புறநகர்ப் பகுதியில் இருப்பதாகவும், அதற்காக அணு ஆயுதப் போர் அபாயத்தில் இறங்கலாமா என்பதில் தனக்கு உறுதி இல்லை என்றும் வெளிப்படையாகவே பேசினார். அவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முன்னாள் தலைவர், தெருவோரப் பேச்சாளர் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014 செப்டம்பர் 3 அன்று, ஒபாமா தாலினுக்கே வந்து, பெர்லினையும் பாரீஸையும் லண்டனையும் போலவே தாலினும் முக்கியம் என்று பேசிச் சென்றார். இரண்டு நாள் கழித்து எஸ்டோனியப் பாதுகாப்பு அதிகாரி எஸ்டன் கோவர் எல்லையருகே ரஷ்ய உளவுத்துறையால் பிடித்துச் செல்லப்பட்டார். ஓராண்டு கழித்துக் கைதிப் பரிமாற்றத்தில்தான் அவர் திரும்பினார். ஒபாமாவின் சொல்லுக்கும் எல்லைக் காட்டுக்கும் இடையிலான தூரத்தை அந்த வாரத்தில் அளந்து பார்த்துக்கொண்டார்கள்.

அதனால் அவர்கள் ஐந்தாவது பிரிவுக்கு முன்னால் மூன்றாவது பிரிவைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தன் சொந்தத் தற்காப்பு வலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது பிரிவு. உங்கள் விவாதங்களில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கூட்டணிக்குள் சின்ன நாட்டின் உத்தி என்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: மற்றவர்கள் கொடுத்த வாக்கை, அவர்கள் மீற முடியாத நிலைக்குக் கொண்டுவருவது. அதற்கு ஆயுதம் ஒரு பகுதிதான். இன்னொரு பகுதி உறவுக் கணக்கு. பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்யச் சொல்லி எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது, ஆனால் நோட்டில் பெயர் இருக்கிறது, ஊர் பார்க்கிறது. எஸ்டோனியா அந்த நோட்டில் எழுதிய இடம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணம். அங்கே பிரிட்டிஷ் படையோடு நின்று, மற்றப் பல நாடுகள் தங்கள் படைகளுக்கு விதித்த 'இங்கே போக மாட்டோம், இரவில் போக மாட்டோம்' போன்ற நிபந்தனைகள் இல்லாமல் சண்டையிட்டது. ஆப்கானிஸ்தானில் எஸ்டோனியா இழந்தது ஒன்பது வீரர்களை. பிறகு 2018இல் மாலியில் பிரான்சோடு சேர்ந்தது. இன்று எஸ்டோனியாவின் தபா ராணுவ முகாமில் நேட்டோ படைக்குத் தலைமை தாங்குவது பிரிட்டன், உடன் நிற்பது பிரான்ஸ். இதில் தற்செயல் என்று எதுவும் இல்லை.

முதல் அணி நண்பர்கள் இங்கே குறுக்கிடுவீர்கள்: அடுத்தவன் போரில் தன் பிள்ளைகளைச் சாகக் கொடுத்ததற்கு இது என்ன நியாயம்? கேட்க வேண்டிய கேள்விதான். ஹெல்மண்டில் எஸ்டோனியாவுக்கு எந்த நலனும் கிடையாது. அந்தப் போரே தோற்றுப்போனது. ஈராக்கிலும் இரண்டு பேரை இழந்தார்கள், அந்தப் போருக்கு நியாயமே கிடையாது என்பது என் கருத்து. ஆனால் யாரோ ஏவி அனுப்பினார்கள் என்பது பொருந்தவில்லை. தன் எல்லையில் நாளை யார் வந்து நிற்பார்கள் என்ற கேள்விக்கு இன்றே விலை கட்டினார்கள். குரூரமான கணக்கு என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்து நேரக் கணக்கு. இந்த விஷயத்தின் உயிர்நாடியே இதுதான். 2016இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் போர் விளையாட்டு முறையில் ஒரு கணிப்பை வெளியிட்டது. அப்போதிருந்த ஏற்பாடுகளின்படி ரஷ்யப் படை தாலின், ரிகா ஆகிய தலைநகரங்களின் வாசலுக்கு வர அதிகபட்சம் 60 மணி நேரம் ஆகும் என்பது அதன் முடிவு. அந்த ஆண்டு வார்சா மாநாட்டில் நேட்டோ பால்டிக் நாடுகளுக்கும் போலந்துக்கும் ஒவ்வொரு பட்டாலியன் அனுப்ப முடிவெடுத்தது. 2017இல் தபாவுக்குப் பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்கள். சுமார் ஆயிரம் பேர். படையெடுப்பைத் தடுத்து நிறுத்த அது போதாது, யாரும் அப்படி நினைக்கவும் இல்லை. அவர்கள் மீது குண்டு விழுந்தால் லண்டன் வேடிக்கை பார்க்க முடியாது, அதற்காகத்தான் அங்கே இருந்தார்கள். வெளிப்படையாகச் சொன்னால், அவர்களுடைய முதல் கடமை ஆபத்தில் நிற்பது.

அதற்குப் பின்னால் இருந்த திட்டம் இன்னும் கசப்பானது. நிலத்தை முதலில் விட்டுக்கொடுத்து, பெரும்படை சேர்ந்ததும் மீட்டெடுப்பது. 2022 ஜூனில் அன்றைய பிரதமர் கயா கல்லாஸ் பத்திரிகையாளர்களிடம் இதை உடைத்துப் பேசினார். தற்போதைய திட்டப்படி 180 நாள் கழித்துத்தான் மீட்பு, அதற்குள் நாடு வரைபடத்திலிருந்து துடைக்கப்பட்டுவிடும், தாலினின் பழைய நகரம் தரைமட்டமாகிவிடும் என்றார். ஒரு பிரதமர் தன் சொந்தக் கூட்டணியின் போர்த் திட்டத்தைப் பொதுவெளியில் இப்படிப் பேசுவது அபூர்வம். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்புதான் உக்ரைனின் புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்களை உலகம் பார்த்திருந்தது. ஆக்கிரமிப்பின் கீழ் 180 நாள் என்றால் என்ன என்று எஸ்டோனியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, 1941 அவர்கள் குடும்பங்களுக்குள் இருக்கிறது. அந்த மாத இறுதியில் மாட்ரிட் மாநாட்டில் நேட்டோ போக்கை மாற்றியது. தொடக்கத்திலிருந்தே ஒவ்வோர் அங்குலத்தையும் காப்பது, தேவைப்படும்போது பட்டாலியன்களை பிரிகேட் அளவுக்குப் பெருக்குவது என்ற தீர்மானம் வந்தது. அடுத்த ஆண்டு வில்னியஸ் மாநாட்டில் வட்டாரம் வாரியான போர்த் திட்டங்கள் ஏற்கப்பட்டன.

பகடைக்காய் இப்படிப் பேசுமா? ஆட்டக்காரரின் கையைப் பிடித்து நகர்வை மாற்ற வைக்குமா?

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஜெர்மனி லிதுவேனியாவில் ஒரு முழு பிரிகேடை நிரந்தரமாக நிறுத்தி வருகிறது, 2027க்குள் சுமார் 5,000 பேர் அங்கே இருப்பார்கள். எஸ்டோனியாவுக்கு ஒதுக்கப்பட்ட பிரிட்டிஷ் பிரிகேடில் பெரும்பகுதி பிரிட்டனிலேயே தயார்நிலையில் இருக்கிறது. நெருக்கடி வந்தால் கடல் கடந்து வர வேண்டும். 60 மணி நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால் இது பெரிய ஓட்டை. 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் ஸ்வீடனும் சேர்ந்ததால் பால்டிக் கடல்வழி முன்பைவிடப் பாதுகாப்பானது, ஓட்டை சற்றுச் சிறுத்திருக்கிறது. அடைபடவில்லை.

அந்த ஓட்டையை நிரப்ப வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். எதைத் தானே வைத்துக்கொள்வது, எதைக் கூட்டாளியிடம் விடுவது என்று எஸ்டோனியா செய்த பங்கீட்டை நிதானமாகப் பாருங்கள். போர் விமானம் வாங்கவில்லை. ஒரு ஸ்குவாட்ரன் வாங்கிப் பராமரிப்பதே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வானத்தைக் கூட்டாளிகளிடம் விட்டது. 2014 முதல் எமாரி விமானத் தளத்தில் நேட்டோ நாடுகளின் விமானங்கள் முறைவைத்துக் காவல் செய்கின்றன. 2025 செப்டம்பர் 19 அன்று மூன்று ரஷ்ய மிக்-31 விமானங்கள் வாய்ன்ட்லோ தீவருகே எஸ்டோனிய வான்வெளிக்குள் நுழைந்து 12 நிமிடம் இருந்தபோது எழும்பிச் சென்றவை இத்தாலியின் எஃப்-35 விமானங்கள். எஸ்டோனியா உடனே நான்காவது பிரிவின்கீழ் கலந்தாலோசனை கோரியது. விமானம் இத்தாலியுடையது, கேள்வி எழுப்பும் குரல் தாலினுடையது.

தரையில் நடக்க வேண்டியதை அவர்கள் யாரிடமும் விடவில்லை. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகள் கட்டாய ராணுவ சேவையைக் கைவிட்டபோதும் எஸ்டோனியா கைவிடவில்லை. இளைஞர்கள் எட்டு மாதமோ பதினொரு மாதமோ பயிற்சி பெற்று ரிசர்வ் படைக்குப் போகிறார்கள். 2013 முதல் பெண்களும் விரும்பினால் சேரலாம். போர்க்கால அணிவகுப்பில் 40,000க்கும் மேற்பட்டோர் உண்டு, அவர்களில் நிரந்தர ஊதியம் பெறும் வீரர்கள் சிறு பகுதிதான். மற்றவர்கள் ஆசிரியர், தச்சர், மென்பொருள் எழுதுபவர், விவசாயி. முன்னறிவிப்பு இல்லாமல் அழைப்பு விடுத்து, எத்தனை பேர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறார்கள் என்று அரசு அவ்வப்போது சோதிக்கிறது. 2021 நவம்பரில் அப்படி சுமார் 1,700 பேரை அழைத்து, எல்லையில் 40 கிலோமீட்டர் முள்கம்பி வேலி போட வைத்தார்கள்.

இதற்கெல்லாம் வேர் கைட்சலீட் என்ற தன்னார்வப் பாதுகாப்பு அமைப்பு. 1918இல் தோன்றியது, சோவியத் ஆட்சியில் தடை செய்யப்பட்டது. 1990 பிப்ரவரியில், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டுக்கும் முன்பே, மக்கள் அதை மறுபடி தொடங்கிவிட்டார்கள். நாடு இல்லாதபோதே நாட்டுக்குக் காவல் வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை வியப்பு. பெண்கள் பிரிவையும் சிறுவர், சிறுமியர் அமைப்புகளையும் சேர்த்தால் உறுப்பினர்கள் ஏறத்தாழ 30,000. இவர்களில் பலரிடம் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கிறது. மொத்த மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் குறைவு என்பதை மறக்காதீர்கள்.

ஆயுதம் வாங்குவதிலும் அதே புத்தி. தென் கொரியாவிலிருந்து கே9 தானியங்கிப் பீரங்கிகள் (குஜராத்தின் ஹசிராவில் நம் ராணுவத்துக்காகத் தயாராகும் கே9 வஜ்ராவின் மூல வடிவம்தான்), பிரான்சின் சீசர் பீரங்கிகள், நெதர்லாந்து பயன்படுத்திய 44 சிவி90 கவச வண்டிகள், 2025இல் வந்து சேர்ந்த ஆறு ஹிமார்ஸ் ராக்கெட் ஏவிகள், டாங்கியைத் துளைக்கும் ஜாவலின் ஏவுகணைகள். அணிவகுப்பில் கண்ணைப் பறிக்கும் பொருள் எதுவும் இல்லை. எல்லை தாண்டி வருபவரை முதல் மணி நேரத்திலிருந்தே இரத்தம் சிந்த வைக்கும் பொருள்கள். எல்லையோரத்தில் 600 பங்கர்கள் கட்டும் திட்டத்தையும் 2024இல் அறிவித்தார்கள். காங்கிரீட் பங்கர் பழங்காலச் சமாச்சாரம் என்று சிலர் சிரித்தார்கள். உக்ரைனில் அகழிக்குள்ளிருந்து போரிட்டவர்கள் சிரிக்கவில்லை.

இந்தக் கணக்கிலேயே துணிச்சலான வரி 2023 ஜனவரியில் எழுதப்பட்டது. தன்னிடமிருந்த 155 மில்லிமீட்டர் ஹோவிட்சர் பீரங்கிகள் அனைத்தையும் எஸ்டோனியா உக்ரைனுக்குக் கொடுத்துவிடுவதாக அறிவித்தது. சிலவற்றை அல்ல, அனைத்தையும். தன் எல்லையைக் காக்க வைத்திருந்ததை எடுத்துக்கொடுப்பது பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். அவர்கள் பார்வையில், தங்கள் எல்லைக்கு எதிரே நிற்கவேண்டிய ரஷ்யப் படையணிகள் உக்ரைனில் தேய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பீரங்கி தபாவின் கிடங்கில் இருப்பதைவிட அங்கே இருப்பதுதான் எஸ்டோனியாவுக்குப் பாதுகாப்பு. வெற்றிடத்தை நிரப்ப அடுத்த தலைமுறைப் பீரங்கிகளுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கத் தயங்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய நாடுகளை அது கூச வைத்தது. அதுவும் நோக்கத்தில் சேர்த்திதான் என்று நினைக்கிறேன்.

சைபர் பக்கம் பலரும் அறிந்தது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 2007 ஏப்ரலில் சோவியத் காலத்து வெண்கலச் சிப்பாய் சிலையைத் தாலினின் மையத்திலிருந்து ராணுவக் கல்லறைக்கு மாற்றியபோது கலவரம் வெடித்தது, வங்கி, பத்திரிகை, அரசு இணையதளங்கள் முடக்கப்பட்டன. மறு ஆண்டே நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் தாலினில் அமைந்தது. 2017இல் லக்சம்பர்க்குடன் ஒப்பந்தம் செய்து, அரசின் முக்கியத் தரவுகளின் படியை அங்கே தூதரகத்துக்குரிய சட்டப் பாதுகாப்போடு வைத்தார்கள். நிலம் பறிபோனாலும் குடிமக்கள் பதிவேடும் சொத்துப் பதிவேடும் பறிபோகாது. 2025 பிப்ரவரியில் மூன்று பால்டிக் நாடுகளும் ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து தங்களை அறுத்துக்கொண்டு ஐரோப்பியக் கட்டமைப்பில் இணைந்தன.

இத்தனைக்கும் விலை உண்டு. அதைப் பற்றி இரு அணியும் பேசுவதில்லை. 2015 முதல் எஸ்டோனியாவின் பாதுகாப்புச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. 2024இல் அது 3 சதவீதத்தைத் தாண்டியது. 2026இலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் என்று அரசு முடிவெடுத்திருக்கிறது. எல்லைத் தகராறுகளுக்குப் பஞ்சமில்லாத இந்தியா செலவிடுவது 2 சதவீதம் அளவுக்குத்தான். பணம் எங்கிருந்து வருகிறது? மதிப்புக்கூட்டு வரி 2024இல் 20இலிருந்து 22 சதவீதம் ஆனது, 2025 ஜூலையில் 24 ஆனது. ரொட்டி வாங்கும் ஓய்வூதியக்காரரும் அதைக் கட்டுகிறார். இந்தச் சுமையை எத்தனை ஆண்டு மக்கள் தாங்குவார்கள் என்பது ராணுவக் கேள்வி இல்லை, தேர்தல் கேள்வி. வாஷிங்டன் மனம் மாறினால் என்ன என்ற பயத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று எனக்கு உடன்பாடில்லாதது. 2025 ஜூனில் எஸ்டோனிய நாடாளுமன்றம், ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகத் தீர்மானித்தது. லாட்வியாவும் லிதுவேனியாவும் போலந்தும் பின்லாந்தும் அதே வழியில் போயின. எதிரி அதைப் புதைக்கும்போது நாம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இலங்கையில் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வன்னி மண்ணில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றி அறிந்த தமிழர்கள் இந்த வாதத்தை எளிதில் விழுங்க முடியாது. எஸ்டோனியாவின் பயம் புரிகிறது. அந்த முடிவு தவறு என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசியாக நார்வாவுக்கே திரும்புகிறேன். 50,000 பேர் அளவில் வாழும் அந்த நகரத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுபவர்கள். 1944இல் நகரம் போரில் அழிந்த பிறகு பழைய குடிகளைத் திரும்ப விடாமல், சோவியத் ஆட்சி வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றியது. அவர்களின் பேரர்கள் இன்று அங்கே பிறந்து வளர்ந்தவர்கள். சிலருக்கு எஸ்டோனியக் குடியுரிமை, சிலருக்கு ரஷ்யக் குடியுரிமை, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத சாம்பல் நிறக் கடவுச்சீட்டோடு சிலர். 2024 மே மாதம் ரஷ்ய எல்லைக் காவலர்கள் ஒருநாள் இரவில் நார்வா ஆற்றின் எல்லை மிதவைகளில் பாதியை எடுத்துச் சென்றார்கள். மே 9 அன்று எதிர்க்கரையில் பெரிய திரை வைத்து, வெற்றி நாள் நிகழ்ச்சிகளை நார்வாவை நோக்கி ஒளிபரப்புகிறார்கள். இந்தப் பின்னணியில் எஸ்டோனிய அரசு 2024 முதல் பள்ளிகளைப் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாற்றுகிறது, 2025இல் ரஷ்யக் குடியுரிமை உள்ளவர்களின் உள்ளாட்சி வாக்குரிமையை அரசமைப்புத் திருத்தத்தால் நீக்கியது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய சமூகத்திலிருந்து வருகிறோம், இதைப் படிக்கும்போது நமக்கு இரு பக்கமும் இழுக்கும். தன் மொழியைப் பத்து லட்சம் பேர் மட்டுமே பேசும் நாட்டின் அச்சமும் தெரிகிறது, தாய்மொழிப் பள்ளியை இழக்கும் நார்வாச் சிறுமியின் வலியும் தெரிகிறது. பாதுகாப்பு நோக்கில் மட்டும் பார்த்தாலும், நார்வாக்காரர்களை எஸ்டோனியா தன்னவர்களாக உணர வைக்காத வரை எத்தனை பங்கர் கட்டியும் அந்த மூலை பலவீனமாகத்தான் இருக்கும்.

நண்பர்களே, எஸ்டோனியாவைக் கொண்டாடச் சொல்லி இதை எழுதவில்லை. நேட்டோவின் வரலாற்றில் லிபியாவும் இருக்கிறது, அதை விமர்சிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மாஸ்கோவின் பாதுகாப்புக் கவலைகளைப் பற்றியும் பேசுங்கள். ஆனால் பேசும்போது 1939 செப்டம்பர் 28 ஒப்பந்தத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். இரண்டாவது அணியினரே, 1994இல் உக்ரைன் அணு ஆயுதங்களைக் கைவிட்டபோது புடாபெஸ்ட்டில் பெற்ற உத்தரவாதக் காகிதத்தையும், கூட்டணியே இல்லாமல் 2023 வரை சொந்தப் படையோடு நின்ற பின்லாந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்தாவது பிரிவைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்த விவாதத்துக்கு வரும் முன் எஸ்டோனியாவின் வரி விகிதத்தையும் அதன் ரிசர்வ் படை அழைப்பு முறையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அதன் பிறகும் உங்களுக்கு அது பகடைக்காய் என்றே தோன்றினால், யார் உருட்டுவதால் அந்த மக்கள் 24 சதவீத வரி கட்டுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் விவாதங்களை விடாமல் கேட்கும் ஒருவன்